ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு போர்வை: கில்ட் தையலுக்குக் கம்ப்யூட்டர் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் ஸ்பிரெட்ஷீட் புரோகிராம் ஒன்று கட்டாயம் இருக்கும். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம். எக்ஸெல் பலரிடம் இருக்கிறது. ஆனால் இதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் கணக்குக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுபவர்கள்தான் அதிகம். மாதச் சம்பளக் கணக்கையும் மார்க் ஷீட்டையும் உதாரணமாகக் காட்டி இதைச் சொல்லிக் கொடுப்பதும் அதற்கு ஒரு காரணம். வீட்டில் தையல் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், இதே புரோகிராமை வேறு விதமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்தில் ஒரு கில்ட் போர்வையைத் திரையில் வடிவமைக்கப் போகிறோம். எத்தனை துண்டுகள் வேண்டும், எவ்வளவு துணி வாங்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரையே கணக்குப் போட வைக்கப் போகிறோம். அதோடு, கம்ப்யூட்டர் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதையும் பார்ப்போம். புரோகிராம் எழுதுவது என் தொழில் என்பதால், இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கில்ட் என்றால் என்ன?

சிறு துணித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துச் சேர்த்தது மேல் துணி. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கீழே ஓர் அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் தையல் போட்டால் அதுதான் கில்ட். ஜெய்ப்பூர் ரஜாய் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று அடுக்கு புரியும். உலகின் பல நாடுகளில் இந்தத் தையல் உண்டு. என்றாலும் துண்டுகளைச் சதுரச் சதுரமான பிளாக்குகளாகத் தைத்து, பிறகு அந்தப் பிளாக்குகளை இணைக்கும் முறை அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது.

பிளாக் என்ற இந்த யோசனை புரோகிராம் எழுதுபவர்களுக்கு மிகவும் பழக்கமானது. ஒரு சிறிய பகுதியை ஒரு முறை சரியாகச் செய்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. கில்ட் தைத்த பெண்கள் இதைக் கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். பார்பரா பிராக்மன் என்பவர் இந்தப் பிளாக்குகளைத் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வகைப்படுத்தினார். 1993-ல் வெளியான அவருடைய கலைக்களஞ்சியத்தில் 4000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. பிறகு அது கம்ப்யூட்டர் மென்பொருளாகவும் வந்தது.

கைவேலை மாறிய கதை

பழைய நாளில் அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டி, அதைத் துணி மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு துண்டாக வெட்டுவார்கள். தையல் கையால்தான். 1851-ல் ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் இயந்திரம் வீடுகளுக்குள் வந்து, துண்டுகளை இணைக்கும் வேலை வேகமானது. ஆனால் வெட்டும் வேலை அப்படியே இருந்தது.

1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரை வெளியிட்டது. சிறு சக்கரம் போன்ற கத்தி அது. துணியை நான்காக மடித்து, ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு இழுத்தால் நீளமான பட்டை கிடைக்கும். பட்டையைக் குறுக்கே வெட்டினால் சதுரங்கள் கிடைக்கும். அட்டையும் பென்சிலும் தேவைப்படவில்லை. துண்டுகளைத் தனித்தனியாக எண்ணிய கணக்கு, பட்டைகளை எண்ணும் கணக்காக மாறியது. நாம் இன்று போடப் போவதும் இந்தப் பட்டைக் கணக்குதான்.

1991-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பவுலிங் கிரீன் என்ற ஊரிலிருந்து எலெக்ட்ரிக் கில்ட் என்ற மென்பொருள் வந்தது. வடிவமைப்பு திரைக்கு மாறியது. பிறகு, ஊடுருவும் தையலையே கம்ப்யூட்டர் கட்டளைப்படி போடும் நீளக் கை இயந்திரங்களும் வந்தன. வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தினால் ஊசி தானாக ஓடும். இதைக் கைவேலை என்று சொல்லலாமா என்ற கேள்வி கில்ட் செய்பவர்களிடையே அன்றிலிருந்து இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் கம்ப்யூட்டரைத் திறக்கலாம்.

படி 1: சதுரக் கட்டம் தயார் செய்தல்

நாம் செய்யப்போவது 45 அங்குல நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள குழந்தைப் போர்வை. ஒரு செல் என்பது 3 அங்குலச் சதுரம். எனவே 15 நெட்டு வரிசையும் 15 படுக்கை வரிசையும் வேண்டும்.

கால்க் திறந்ததும் மேலே உள்ள ஏ என்ற எழுத்தில் கிளிக் செய்யுங்கள். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஓ என்ற எழுத்தில் கிளிக் செய்யுங்கள். 15 நெட்டு வரிசைகள் தேர்வாகும். ஃபார்மட் மெனுவில் காலம்ஸ், அதில் விட்த் என்பதற்குச் சென்று 0.7 செ.மீ. எனக் கொடுங்கள். இதே போல இடப்பக்கம் 1 முதல் 15 வரை எண்களைத் தேர்வு செய்து, ஃபார்மட், ரோஸ், ஹைட் சென்று அதே 0.7 செ.மீ. கொடுங்கள். செல்கள் சதுரமாகிவிடும்.

எக்ஸெலில் அகலத்துக்கும் உயரத்துக்கும் அளவு முறை வேறு வேறு. எனவே தேர்வு செய்த பிறகு எல்லைக் கோட்டை மவுஸால் பிடித்து இழுங்கள். இழுக்கும்போது எத்தனை பிக்சல் என்று ஒரு சிறு பெட்டியில் தெரியும். இரண்டையும் 25 பிக்சலுக்குக் கொண்டுவந்தால் போதும்.

படி 2: பிளாக்குகளை நிரப்புதல்

நிறங்களுக்கு எண் கொடுப்போம். சிவப்புக்கு 1, நீலத்துக்கு 2, வெள்ளைக்கு 3.

முதல் பிளாக்கின் பெயர் நைன் பேட்ச். மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுரங்கள். ஏ1 முதல் சி3 வரை உள்ள ஒன்பது செல்களில் இப்படி டைப் செய்யுங்கள்: முதல் வரிசையில் 1, 3, 1. இரண்டாவதில் 3, 1, 3. மூன்றாவதில் மீண்டும் 1, 3, 1. ஐந்து சிவப்பு, நான்கு வெள்ளை. பக்கத்தில் டி1 முதல் எஃப்3 வரை உள்ள ஒன்பது செல்களிலும் 2 என டைப் செய்யுங்கள். இது முழு நீலப் பிளாக்.

மீதியை டைப் செய்ய வேண்டாம். காப்பி செய்வோம்.

- ஏ1 முதல் எஃப்3 வரை தேர்வு செய்து காப்பி செய்யுங்கள். ஜி1-ல் பேஸ்ட் செய்யுங்கள்.
- ஏ1 முதல் சி3 வரை காப்பி செய்து எம்1-ல் பேஸ்ட் செய்யுங்கள். மேல் வரிசையின் ஐந்து பிளாக்குகள் முடிந்தன.
- டி1 முதல் ஐ3 வரை காப்பி செய்து ஏ4-லும், பிறகு ஜி4-லும் பேஸ்ட் செய்யுங்கள்.
- டி1 முதல் எஃப்3 வரை காப்பி செய்து எம்4-ல் பேஸ்ட் செய்யுங்கள். இரண்டாவது வரிசை நீலத்தில் தொடங்கி நீலத்தில் முடியும்.
- ஏ1 முதல் ஓ6 வரை காப்பி செய்து ஏ7-ல் பேஸ்ட் செய்யுங்கள்.
- ஏ1 முதல் ஓ3 வரை காப்பி செய்து ஏ13-ல் பேஸ்ட் செய்யுங்கள்.

ஆறே ஆறு முறை காப்பி செய்து 225 செல்கள் நிரம்பிவிட்டன.

படி 3: எண்கள் நிறமாக மாறட்டும்

ஏ1 முதல் ஓ15 வரை தேர்வு செய்யுங்கள். ஃபார்மட் மெனுவில் கண்டிஷனல், அதில் கண்டிஷன். ஒரு விண்டோ தோன்றும். செல்லின் மதிப்பு 1-க்குச் சமம் எனில் எந்த ஸ்டைல் வேண்டும் என்று கேட்கும். நியூ ஸ்டைல் என்பதைத் தேர்ந்தெடுத்து, பின்னணியைச் சிவப்பாக்குங்கள். எழுத்தின் நிறத்தையும் சிவப்பாக்கினால் எண் மறைந்துவிடும். ஆட் பட்டனை அழுத்தி 2-க்கு நீலம், 3-க்கு வெள்ளை எனக் கொடுத்து ஓகே செய்யுங்கள். எக்ஸெலில் இதே வசதி ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங் என்ற பெயரில் கிடைக்கும்.

இப்போது திரையில் கில்ட் தெரியும். ஏதாவது ஒரு செல்லில் 1-க்குப் பதில் 2 என அடித்துப் பாருங்கள். உடனே நிறம் மாறும். பிடிக்கவில்லையா? கன்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்துங்கள், பழையபடி வந்துவிடும். துணியில் வெட்டிவிட்டால் இப்படித் திரும்ப முடியாது. கம்ப்யூட்டர் தரும் முதல் லாபம் இதுதான்.

படி 4: துண்டுகளை எண்ணுதல்

ஃபார்முலாக்களின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ஃபார்முலா எப்போதும் சமக் குறியுடன் தொடங்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கியூ1 செல்லில் = கவுண்ட்இஃப்(ஏ1:ஓ15, 1) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். "இந்தப் பகுதியில் 1 எத்தனை இருக்கிறது?" என்று கேட்கிறோம். விடை 65. கியூ2-ல் கடைசி எண்ணை 2 எனவும், கியூ3-ல் 3 எனவும் மாற்றிக் கொடுங்கள். 108, 52 என வரும். கியூ4-ல் = சம்(கியூ1:கியூ3) எனக் கொடுங்கள். 225 வர வேண்டும். 15-ஐ 15-ஆல் பெருக்கினாலும் 225 தானே? வேறு எண் வந்தால் எங்கோ ஒரு செல் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். விடை முன்பே தெரிந்த ஒரு கூட்டலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். நாங்கள் புரோகிராம் சோதிப்பதும் இப்படித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீலச் செல்கள் 108. ஆனால் நீலத்தில் 108 துண்டுகள் வெட்ட வேண்டுமா? வேண்டாம். நீலப் பிளாக் முழுவதும் ஒரே நிறம். அதை ஒன்பது அங்குலத்தில் ஒரே துண்டாக வெட்டிவிடலாம். 108-ஐ 9-ஆல் வகுத்தால் 12 துண்டுகள். இது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கட்டங்கள் மட்டுமே. நாம் சொல்லாவிட்டால் 12 துண்டு போதுமான இடத்தில் 108 துண்டு வெட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்போம்.

படி 5: துணிக் கணக்கு

பணம் வீணாவதும் மிச்சமாவதும் இந்தப் படியில்தான்.

தைத்து முடித்த பிறகு சதுரம் 3 அங்குலம் இருக்க வேண்டும். தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும். எனவே வெட்டும் அளவு 3.5 அங்குலம். அரை அங்குலம்தானே என்று தோன்றும். 65 சிவப்புச் சதுரங்களை 3 அங்குலமாகக் கணக்கிட்டால் 585 சதுர அங்குலம். 3.5 அங்குலமாகக் கணக்கிட்டால் 796.25 சதுர அங்குலம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்! இதை விட்டுவிட்டுத் துணி வாங்கினால் பாதி வேலையில் துணி தீர்ந்துவிடும். மறுபடி கடைக்குப் போனால் அதே நிறம், அதே அச்சு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஏ1-ல் "துணி அகலம்" எனவும் பி1-ல் 42 எனவும் டைப் செய்யுங்கள். அமெரிக்கக் கில்ட் துணி 44 அங்குல அகலம் என்று விற்றாலும், கரை போக 42 அங்குலம் என்றே கணக்கிடுவார்கள்.

மூன்றாவது வரிசையில் தலைப்புகள்: நிறம், துண்டுகள், முடிந்த அளவு, வெட்டும் அளவு, ஒரு பட்டையில், பட்டைகள், துணி நீளம். நான்காவது வரிசை சிவப்புக்கு:

- பி4: சமக் குறி போட்டு, முதல் ஷீட்டுக்குப் போய் கியூ1 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 65 இங்கே வந்துவிடும்.
- சி4: 3
- டி4: = சி4 + 0.5
- இ4: = ரவுண்ட்டவுன்($பி$1 / டி4, 0)
- எஃப்4: = ரவுண்ட்அப்(பி4 / இ4, 0)
- ஜி4: = எஃப்4 * டி4

ஒரு பட்டையில் எத்தனை சதுரம் என்பதற்கு ரவுண்ட்டவுன். ஏனெனில் பட்டையின் கடைசியில் மிஞ்சும் முக்கால் சதுரம் சதுரமாகாது. எத்தனை பட்டை என்பதற்கு ரவுண்ட்அப். ஏனெனில் ஐந்தரைப் பட்டை தேவை என்றால் ஆறு பட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண ரவுண்ட் ஃபார்முலா இந்த இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

பி1-க்கு ஏன் டாலர் குறி? ஃபார்முலாவைக் கீழ் வரிசைக்கு இழுக்கும்போது மற்ற செல் பெயர்கள் எல்லாம் ஒன்று கீழே இறங்கும். டாலர் போட்டது மட்டும் இடம் மாறாமல் நிற்கும்.

டி4 முதல் ஜி4 வரை தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஆறாவது வரிசைவரை இழுங்கள். ஐந்தாவது வரிசை வெள்ளை: பி5-ல் கியூ3-ஐக் கிளிக் செய்து எடுங்கள், சி5-ல் 3. ஆறாவது வரிசை நீலம்: பி6-ல் கியூ2-ஐ எடுத்து, முடிவில் / 9 எனச் சேருங்கள். சி6-ல் 9.

விடைகளைச் சரிபாருங்கள். சிவப்பு: ஒரு பட்டையில் 12, பட்டைகள் 6, நீளம் 21 அங்குலம். வெள்ளை: 12, 5, 17.5 அங்குலம். நீலம்: 4, 3, 28.5 அங்குலம். செ.மீ. வேண்டுமானால் 2.54-ஆல் பெருக்குங்கள். முறையே 53, 44, 72 செ.மீ.க்குச் சற்று அதிகம் வரும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். வெட்டும்போது விளிம்பை நேராக்கவும் கொஞ்சம் போகும். எனவே 60, 50, 80 செ.மீ. என வாங்குவது பாதுகாப்பு.

இப்போது பி1-ல் 42-ஐ அழித்து 36 என டைப் செய்யுங்கள். நம் ஊர்க் கடைகளில் 36 அங்குல அகலத் துணியும் கிடைக்கிறதே! சிவப்பு 24.5 ஆகிறது. வெள்ளை 21 ஆகிறது. நீலம் 28.5-லிருந்து 38 அங்குலத்துக்குத் தாவுகிறது. ஏன்? 42 அங்குலத்தில் நான்கு நீலச் சதுரம் அடங்கியது, 36-ல் மூன்றுதான் அடங்கும். துணியின் அகலம் ஏழில் ஒரு பங்கு குறைந்தால் தேவையான நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் இது தெரிந்துவிட்டது. கடையில் நின்றுகொண்டு மனதில் இந்தக் கணக்கைப் போடுவது சுலபமல்ல.

ஓரப்பட்டிக்கும் கணக்கு உண்டு. சுற்றளவு 180 அங்குலம், மூலை மடிப்புக்கு 10 சேர்த்தால் 190. பி1-ல் மீண்டும் 42 வைத்தால் 5 பட்டைகள். ஒரு பட்டை 2.5 அங்குலம் எனில் 12.5 அங்குலத் துணி. அடித்துணி போர்வையைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருப்பது நல்லது. இவற்றையும் கீழே வரிசையாகச் சேர்த்து, மீட்டர் விலையைப் போட்டால் முழுச் செலவும் தெரிந்துவிடும்.

திரையில் தெரியாத பிழை

திரையில் எல்லாச் சதுரமும் சமம். துணியில் அப்படி இல்லை. கால் அங்குலத் தையலுக்குப் பதிலாக வெறும் பதினாறில் ஒரு அங்குலம் அதிகமாகப் பிடித்துத் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தையலில் இரண்டு துண்டும் சேர்ந்து எட்டில் ஒரு அங்குலம் குறையும். நைன் பேட்ச் பிளாக்கின் உள்ளே இரண்டு தையல். ஆகவே பிளாக் கால் அங்குலம் சிறுத்துவிடும். பக்கத்தில் வரும் நீலத் துண்டில் உள்தையலே இல்லை. அது முழு 9.5 அங்குலம். இரண்டையும் இணைக்கும்போது மூலைகள் சேராது.

எனவே முதலில் மூன்று சதுரங்களை மட்டும் வரிசையாகத் தைத்து அளந்து பாருங்கள். சரியாக 9.5 அங்குலம் இருக்க வேண்டும். இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் ஊசிக்கும் துணி விளிம்புக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள். இந்தச் சோதனையைச் செய்ய எந்த மென்பொருளாலும் முடியாது.

இணையத்திலிருந்து வடிவங்களை இறக்கி அச்சிடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பிரிண்ட் விண்டோவில் "பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு" என்ற பொருள் தரும் ஃபிட் வசதி தேர்வாகியிருந்தால் வடிவம் சில சதவீதம் சிறிதாகிவிடும். அளவை 100 சதவீதம் என வைத்து அச்சிடுங்கள். ஒரு அங்குலக் கட்டம் அந்தத் தாளில் இருந்தால் அதை ஸ்கேலால் அளந்த பிறகே கத்தரியை எடுங்கள்.

கம்ப்யூட்டர் எங்கே நிற்க வேண்டும்?

முன்பு கேட்ட கேள்விக்கு வருவோம். கணக்கும் வடிவமும் தையலும் கம்ப்யூட்டர் செய்தால் கைவேலையில் மீதி என்ன?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளையும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் உள்ளது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே பெண்கள் கிழிந்த வேலைக்கால்சட்டை, பழைய சட்டை, மாவுச் சாக்கு என்று கையில் கிடைத்ததை வைத்துக் குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். அவர்களுடைய கோடுகள் நேராக இல்லை. சதுரங்கள் சமமாக இல்லை. முழங்கால் இருந்த இடத்தில் நீலம் வெளுத்திருந்தால் அந்த வெளுப்பும் வடிவத்தில் சேர்ந்தது. 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இவை சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை இவற்றைப் பத்து அஞ்சல் தலைகளாக வெளியிட்டது.

இந்தப் போர்வைகளை நாம் இன்று போட்ட கட்டத்துக்குள் வரைய முடியாது. கட்டம் வரைந்து எண்ணிய பிறகு துணி வாங்குவது நம் வழி. துணியை முதலில் பார்த்து, அது எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப வடிவத்தை முடிவு செய்வது அவர்கள் வழி. இரண்டும் வேறு வேறு சிந்தனை. இதனால் கம்ப்யூட்டர் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எண்ணுவது, பெருக்குவது, "இப்படி மாற்றினால் என்ன ஆகும்?" என்று பார்ப்பது ஆகியவற்றை அதனிடம் கொடுத்துவிடலாம். எந்தத் துணி, யாருக்காக, எந்த இடத்தில் ஒழுங்கை உடைப்பது என்ற மூன்றையும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதைச் சுலபமாக விட்டுவிடுவோம். ஏனென்றால் காப்பியும் பேஸ்ட்டும் அவ்வளவு வசதி!

பெயர் எழுதி வையுங்கள்

1971-ல் விட்னி அருங்காட்சியகம் முதல் முறையாக அமெரிக்கக் கில்ட்களை ஓவியங்கள் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. அங்கே இருந்த பலவற்றுக்குத் தைத்தவர் பெயர் தெரியாது. வீட்டுப் பெண்கள் தைத்தார்கள், பெயர் போடவில்லை. 1981-ல் கென்டக்கி மாநிலத்தில் பழைய கில்ட்களை வீடுவீடாகத் தேடிப் பதிவு செய்யும் முயற்சி தொடங்கியது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 2003-ல் கில்ட் இண்டெக்ஸ் என்ற இணையத் தொகுப்பு தொடங்கி, இந்தப் பதிவுகளைப் படங்களுடன் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி செய்தது.

பதிவின் மதிப்பு எய்ட்ஸ் நினைவுக் கில்ட்டைப் பார்த்தால் புரியும். எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1987-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது இது. ஒரு துண்டு 3 அடி அகலம், 6 அடி நீளம். எட்டுத் துண்டுகள் சேர்ந்து 12 அடிச் சதுரப் பிளாக். அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்டபோது 1920 துண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள். எடை சுமார் 54 டன். 1996-க்குப் பிறகு இதை முழுமையாக ஒரே இடத்தில் விரித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் எண் உண்டு, படம் உண்டு. இறந்தவரின் பெயரை டைப் செய்தால் அவருக்காகத் தைத்த துண்டு இருக்கும் பிளாக் திரையில் வரும். எண்ணும் பெயரும் எழுதி வைத்ததால்தான் இது முடிகிறது.

நம் வீட்டுப் போர்வைக்கும் இதைச் செய்யலாம். ஸ்பிரெட்ஷீட்டில் மூன்றாவது ஷீட்டில் தைத்தவர் பெயர், ஊர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, யாருக்கு, எந்தத் துணி எதிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஃபைலுக்கு "போர்வை புதியது" என்று பெயர் வைக்காதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போட்டுப் பெயர் வைத்தால், ஃபோல்டரில் தானாகவே கால வரிசையில் அடுக்கப்படும். முடிந்த போர்வையைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள்.

கால்க் பயன்படுத்தும் ஓடிஎஸ் ஃபைல் வகை 2006-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. எனவே வேறு புரோகிராம்களும் திறக்கும். கூடவே ஒரு பிடிஎஃப் காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஃபோல்டரையும் பென் டிரைவ் ஒன்றில் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். இத்தனை செய்தாலும், ஒரு சிறு வெள்ளைத் துணியில் பெயரையும் ஆண்டையும் எழுதிப் போர்வையின் பின்பக்கம் தைத்துவிடுங்கள். ஃபைல் இருக்கும் இடம் தெரியாதவர் கையிலும் ஒருநாள் அந்தப் போர்வை போய்ச் சேரும்.

வீட்டுப் பயிற்சி

1. நீலப் பிளாக்குகளில் ஏதாவது மூன்றை மட்டும் நைன் பேட்ச்சாக மாற்றுங்கள். எண்ணிக்கை என்ன ஆகிறது? கியூ4-ல் 225 மாறாமல் இருக்கிறதா? பி6-ல் 9 துண்டுகள் வருகின்றனவா?

2. முடிந்த அளவை 3-க்குப் பதில் 2.5 எனவும், நீலத்துக்கு 9-க்குப் பதில் 7.5 எனவும் மாற்றுங்கள். போர்வை எவ்வளவு சிறிதாகும்? துணியும் அதே விகிதத்தில் குறைகிறதா?

3. முக்கோணம் வேண்டுபவர்களுக்கு: சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டினால் இரண்டு முக்கோணம். இதற்கு வெட்டும் அளவு, முடிந்த அளவுடன் 0.875. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்துக்கும் தையல் விட வேண்டும் அல்லவா? 0.25-ஐ 3.414-ஆல் பெருக்கினால் 0.854 வரும். அதை ஸ்கேலில் உள்ள அடுத்த கோட்டுக்கு உயர்த்தியதுதான் இந்த எட்டில் ஏழு. ஷீட்டில் இதற்கு ஒரு புதிய வரிசை சேர்த்துப் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு இரண்டு முக்கோணம் என்பதை எந்தச் செல்லில் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள்.